தானியேல் வாத்தியாரின் மூன்றாம் ஜாடி

செய்தி வந்தபோது மணி பதினொன்றே கால். கல்லூரியில் இண்டர்மீடியட் வகுப்புக்கு வேர்களைப் பற்றிய பாடம். தானியேல் வாத்தியார் ஒரு முள்ளங்கியைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார். தந்திச் சேவகன் வகுப்பு வாசலில் வந்து நின்றதும் முள்ளங்கியை மேசையில் வைத்துவிட்டு, கையைக் கோட்டில் துடைத்துக்கொண்டு, உறையைப் பிரித்தார்.

ஆம்பூரிலிருந்து சிநேகிதர் மக்பூல் அகமது கொடுத்திருந்த தந்தி. தோல்ஷாப்புத் தெருவில் முப்பத்தோரு பேருக்கு வாந்தியும் பேதியும், அரிசிமேல் சந்தேகம், உடனே வரவும். அவ்வளவுதான்.

எந்த அரிசி என்று தானியேலுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஐந்து நாளைக்கு முன்னால் அந்த அரிசிக்குத் தம் கையால் சீட்டு எழுதிக் கொடுத்திருந்தார். "மேலே பூத்திருப்பது சாதாரணப் பூசணம். கழுவி, காயவைத்து, சமைத்துச் சாப்பிடலாம். கெடுதல் இல்லை." கீழே ஒப்பம்: தே. தானியேல், பி.ஏ.

முள்ளங்கியை மேசையிலேயே விட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தார். குடையும் வகுப்பிலேயே நின்றுவிட்டது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறாம் வருஷத்துக் கார்த்திகை. மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது.

வேலூரில் அவரைத் தானியேல் என்று கூப்பிட்டவர்கள் குறைவு. கடைத்தெருவில் 'பூசண வாத்தியார்' என்றால்தான் தெரியும். நெல் மண்டிக்காரர், வெல்லக் கடைக்காரர், கருவாடு விற்கிறவர், கடலைப் பிண்ணாக்கு ஏற்றுகிறவர் என்று யார் சரக்கில் பச்சையோ கறுப்போ பூத்தாலும், ஒரு பிடியைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு அவர் வீட்டுப் பின்னறைக்கு வந்துவிடுவார்கள். "வாத்தியாரே, இது ஓடுமா, ஓடாதா?" என்று கேட்பார்கள். அவர் அதை ஒரு கண்ணாடி ஜாடியில் போட்டு, தண்ணீர் தெளித்து, மெல்லிய துணியால் வாயைக் கட்டிவைப்பார். நாலைந்து நாள் வளரவிட்டு, சென்னையில் பழையதாக வாங்கிய பித்தளை மைக்ராஸ்கோப்பில் பார்த்துச் சீட்டு எழுதுவார். தெரியாததைத் தெரியாது என்றே எழுதுவார். அதனால் அவர் சீட்டுக்கு மதிப்பிருந்தது.

இந்த மனிதருக்குப் பூசணத்தின்மேல் எப்படிப் பிடிப்பு வந்தது என்பதற்கு ஒரு கல்யாணத்தைச் சொல்ல வேண்டும்.

அவர் பிறந்தது ஆம்பூரில், தோல் பதனிடும் ஷாப்புகளை ஒட்டிய தெருவில். அப்பா தேவசகாயம் சுண்ணாம்புக் குழியில் வேலை செய்தவர். முழங்காலுக்குக் கீழே அவர் கால் எப்போதும் வெள்ளையாகவே இருக்கும். பச்சைத் தோல், சுண்ணாம்பு, ஆவாரம்பட்டை, கடுக்காய் எல்லாம் ஒன்றாகக் கலந்த வாடை அந்தத் தெருவில் சுவரைப்போல நிற்கும். வெளியூர்க்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு வருவார்கள். தெருக்காரர்களுக்கு அது தெரியவே தெரியாது. அது தெரியாமல் போனதோடு மற்ற வாசனைகளும் தெரியாமல் போயின.

தானியேலுக்கு ஒன்பது வயதில் அவருடைய அத்தைக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் அரக்கோணத்தில் ரயில்வேயில் இருந்தவர்கள். பந்தியில் அதிரசம் வைத்தார்கள். மாப்பிள்ளையின் சித்தப்பா ஒரு கடி கடித்தார், இலையை மடக்கிவிட்டு எழுந்தார். அவர் பின்னாலேயே ஒரு வரிசை எழுந்தது. மாவு மூன்று நாள் முன்னாலேயே பூசணம் பிடித்திருந்தது. வெல்லப்பாகின் கறுப்பில் கண்ணுக்குத் தெரியவில்லை. பிசைந்த ஆறு பெண்களில் ஒருத்திக்காவது வாடை தெரிய வேண்டுமே, தெரியவில்லை. பெண்ணை அழைத்துப் போக மாட்டோம் என்று அரக்கோணத்தார் சாயங்காலம் வரை மல்லுக்கு நின்றார்கள். போதகர் வந்து சமாதானம் பேசி முடித்தார்.

அதற்குப் பிறகு அந்தத் தெருவில் ஒரு வழக்கம் வந்தது. விசேஷத்துக்கு மாவோ அரிசியோ எடுத்தால், ஒரு படியைத் துணியில் முடிந்து, ஊருக்கு வெளியே வாழ்க்கைப்பட்ட ஏதாவது ஒரு பெண்ணுக்கு அனுப்புவார்கள். அவள் மோந்து பார்த்து, 'சரி' என்று சொல்லி அனுப்பினால்தான் அடுப்பு மூட்டுவார்கள். 'மோந்து குடுக்கறது' என்று அதற்குப் பேர். எங்கள் தெருவுக்கு மூக்கு கிடையாது என்று அவர்களே சொல்லிச் சிரிப்பார்கள். பையன் தானியேல் மட்டும் சிரிக்கவில்லை. அரக்கோணத்து மூக்குக்குத் தெரிந்து, தன் மூக்குக்குத் தெரியாத அந்தப் பொருள் என்ன என்பது அவனுக்கு ஒரு தீராத கேள்வியாக உட்கார்ந்துவிட்டது.

வேலூர் மிஷன் பள்ளியிலிருந்து சென்னைக் கல்லூரிக்குப் போனான். அங்கே ஒரு நாள் பேராசிரியர் பழைய ரொட்டித் துண்டிலிருந்து ஊசி முனையளவு எடுத்து மைக்ராஸ்கோப்பின் அடியில் வைத்தார். தானியேல் குனிந்து பார்த்தான். பனந்தோப்பு ஒன்று தெரிந்தது. நெட்டை நெட்டையான மரங்கள், ஒவ்வொன்றின் உச்சியிலும் ஒரு கறுப்புக் குலை. "எங்க அத்தை கல்யாணத்துல இதைத்தான் பரிமாறினோம்" என்று அவன் தமிழில் சொன்னது பேராசிரியருக்குப் புரியவில்லை. கண்ணால் பார்த்துவிட்டான், இனி மூக்கு வேண்டியதில்லை என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டான்.

அந்த நினைப்பு முழுக்கச் சரியில்லை என்று காட்டியவள் அமிர்தவள்ளி.

அவள் விரிஞ்சிபுரத்துப் பெண். கிறிஸ்து வேதத்துக்கு வந்த பயிர்க்காரக் குடும்பம், பாலாற்றங்கரையில் நெல். பெண் பார்க்கப் போன இடத்தில் தானியேல் கோட்டுப் பையிலிருந்து ஒரு தகர டப்பாவை எடுத்து நீட்டி, "இதைக் கொஞ்சம் மோந்து பாத்துச் சொல்லு" என்றார். பெண் வீட்டாருக்கு முகம் சுண்டிவிட்டது.

"பொண்ணு பாக்க வந்தியா, டப்பா விக்க வந்தியா?" என்று அவருடைய அத்தையே தலையில் அடித்துக்கொண்டாள்.

அமிர்தவள்ளி வெட்கப்படவில்லை. மூடியைத் திறந்து ஒரே ஒரு தரம் மூச்சை இழுத்தாள். "கொள்ளு. போன வருசத்துது. எலி மோண்டிருக்குது" என்று சொல்லி டப்பாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

எலி விஷயத்தைக் கண்டுபிடிக்கத் தானியேலுக்கு இரண்டு மாதம் பிடித்திருந்தது. அதுவும் மைக்ராஸ்கோப்பில் ஒரு மயிர் அகப்பட்டதால். அந்த இடத்திலேயே சம்மதம் சொல்லிவிட்டார்.

பிறகு வேலூரில் கல்லூரி வேலை, பின்னறை, ஜாடிகள். ஒரு முறை பதினோரு பூசணங்களைப் பத்திரமாகக் கட்டி, வடக்கே இருந்த பெரிய விவசாய ஆராய்ச்சி நிலையம் ஒன்றுக்கு அனுப்பினார். இதுவரை யாரும் பார்க்காததாக ஒன்றாவது இருக்கும் என்று நம்பினார். எட்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. பத்துக்கு ஏற்கெனவே பெயர் உண்டு. பதினொன்றாவது வழியில் கெட்டுப்போய்விட்டது.

"பூசணம் எப்பிடிங்க கெட்டுப்போவும்?" என்று அமிர்தவள்ளி கேட்டாள். இரண்டு பேரும் ரொம்ப நேரம் சிரித்தார்கள். அவருக்கு வருத்தமும் இருந்தது. ஆனாலும் மறுநாள் காலையில் பன்னிரண்டாவது ஜாடிக்குத் துணி கட்டினார்.

ஜாடிகளை அமிர்தவள்ளி மோந்து பார்ப்பது வழக்கம்தான். அவள் சொல்வதைத் தானியேல் கேட்டுக்கொள்வார். சீட்டில் எழுத மாட்டார். கண்ணால் கண்டதைத்தான் எழுத வேண்டும் என்பது அவர் கட்டுப்பாடு.

அந்தக் கார்த்திகையில் மக்பூல் அகமது கொண்டுவந்தது ஆம்பூர்த் தோல்ஷாப்பு ஒன்றின் அரிசி. மக்பூல் மேல்விஷாரத்துக்காரர், தானியேலுக்குப் பழைய சிநேகிதர். ஷாப்புத் தொழிலாளிகளுக்கு அரிசி அளக்கும் கிடங்கு அவர் பொறுப்பு. கூரை ஒழுகி முப்பது மூட்டை நனைந்து, சில கோணிகள் கிழிந்து, எல்லாவற்றின்மேலும் பூசணம் படர்ந்துவிட்டது.

"பெரிய பேஜாரா போச்சு தோஸ்த். தூக்கி எறியவும் மனசு வரலை, போடவும் பயமா இருக்குது. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க" என்று மூன்று பொட்டலம் வைத்துவிட்டுப் போனார். பல மூட்டைகளிலிருந்து எடுத்த அரிசி.

தானியேல் மூன்று ஜாடி போட்டார். நாலாம் நாள் மூன்றிலும் பழக்கமான பூசணங்களே தெரிந்தன: பச்சை, சாம்பல், மூன்றாவதில் கொஞ்சம் மண் நிறம். அன்றைக்கு அமிர்தவள்ளி மூன்றாவது ஜாடியை மோந்துவிட்டு, மறுபடி மோந்தாள்.

"ஏங்க, இதுல பூண்டு வாசனை அடிக்குது."

"காலையில இருந்து ஊறுகாய்க்குப் பூண்டு உரிக்கிற கை உன்னுது. ஜாடியில ஏது பூண்டு?"

அவள் கையை மோந்து பார்த்துக்கொண்டாள். அது உண்மைதான், முறத்தில் உரித்த பூண்டு குவிந்திருந்தது. மறுபடி உரிக்கப் போய்விட்டாள். மறுநாள் சீட்டு ஆம்பூருக்குப் போயிற்று.

இப்போது, தந்தியைக் கையில் பிடித்துக்கொண்டு நனைந்துபோய் வந்து நின்றவரைப் பார்த்ததும் அமிர்தவள்ளி தலை துவட்டத் துணி கொண்டுவந்தாள். தந்தியில் என்ன என்று அவர் சொன்னார். அவள் பின்னறைக்குப் போனாள். திரும்பி வந்தபோது மூன்றாவது ஜாடி அவள் கையில் இருந்தது, ஒரு பழைய புடவைத் துண்டில் சுற்றி.

"ஊறுகாய் போட்டு ஆறு நாள் ஆச்சுங்க. சீயக்காய் போட்டு நாலு தரம் கை கழுவிட்டேன். இன்னும் பூண்டுதான் அடிக்குது. எடுத்துக்குனு போங்க" என்றாள்.

காட்பாடியில் வண்டி ஏறினார். முப்பத்தோரு பேர். தெருவில் முக்கால்வாசிப் பேரை அவருக்குப் பேர் சொல்லித் தெரியும். தம் கையெழுத்தைக் கண்ணுக்கு முன்னால் பார்த்துக்கொண்டே இருந்தார்: கெடுதல் இல்லை, கெடுதல் இல்லை. ஒருவர் செத்தாலும் அது தன் கையால் செத்ததுதான். எந்தப் பூசணத்தைத் தவறவிட்டேன் என்று ஒவ்வொன்றாக நினைவில் புரட்டினார். ஒன்றும் அகப்படவில்லை.

விரிஞ்சிபுரம் தாண்டியதும் ஜாடியைப் பிரித்துத் தம் மூக்கின் அருகே வைத்துப் பார்த்தார். வெறும் ஈரம்தான் தெரிந்தது. எதிரில் குடியாத்தம் போகிற ஒரு அம்மாள் புருஷனோடு உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா, கோவிச்சுக்காதீங்க. இதைக் கொஞ்சம் மோந்து பாத்துச் சொல்றீங்களா?"

"இன்னாய்யா இது? மந்திரக்காரனா நீ?" அவள் புடவையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"மோந்துதான் பாரேன். மூக்கு தேஞ்சா பூடும்?" என்றான் புருஷன்.

அவள் முகத்தைச் சுளித்துக்கொண்டு குனிந்தாள். "பூண்டு" என்றாள். "ஊஹூம், வெறும் பூண்டில்ல. பூண்டு தின்னவன் ஏப்பம் வுட்ட மாதிரி."

"உள்ள பூண்டே இல்லம்மா. வெறும் அரிசி."

"அப்ப எனக்கு ஏன் பூண்டு அடிக்குது?"

அந்த 'ஏன்' தானியேல் மண்டையில் போய் இடித்தது. அமிர்தவள்ளி சொன்ன அன்றைக்கு அவர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. கேட்டதும் பதில் தானாக வந்தது, பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் சென்னையில் படித்த ஒரு பாடத்திலிருந்து. பச்சைச் சாயம் பூசிய காகிதம் ஒட்டிய சுவர்களில் பூசணம் பூத்து, அந்த வீடுகளில் குடியிருந்தவர்கள் காரணம் தெரியாமல் நோயில் விழுந்தார்கள். இத்தாலி தேசத்து வைத்தியர் ஒருவர் காரணத்தைக் கண்டுபிடித்தார். பாஷாணம், அதாவது ஆர்சனிக், கலந்த எதன்மேலாவது சில பூசணங்கள் வளர்ந்தால், அவை பூண்டு நாற்றம் விடும்; அந்தக் காற்றும் நல்லதல்ல. மனுஷர் கண்ணுக்கும் தராசுக்கும் அகப்படாத அளவு பாஷாணத்தைக்கூடப் பூசணம் காட்டிக்கொடுத்துவிடும். அந்தப் பாடத்துக்குப் பரீட்சையில் முழு மார்க் வாங்கியவர் அவர்.

சட்டென்று துணியை இழுத்து இறுக்கிக் கட்டினார். "அம்மா, நீங்க ஜன்னல் பக்கம் வந்து ஒக்காருங்க. நல்ல காத்து வரும்" என்று தம் இடத்தை அவளுக்குக் கொடுத்துவிட்டு எழுந்து நின்றுகொண்டார். ஆம்பூர் வரும்வரை நின்றே போனார். விஷம் அரிசியில் இருக்கிறது, பூசணத்தில் இல்லை. அப்படியானால் எப்படி வந்தது? இன்னும் யார் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள்?

ஸ்டேஷனுக்கு மக்பூல் வந்திருந்தார். முகம் வெளுத்திருந்தது. "யாரும் போய்டலை. அல்லா காப்பாத்தினாரு" என்றுதான் முதலில் சொன்னார். மற்றதை மாட்டுவண்டியில் வரும்போது சொன்னார். டாக்டர் வந்து பார்த்து, இது தொத்தும் வாந்திபேதி, காலராதான் என்று முடிவுகட்டிவிட்டார். நாளைக் காலையில் தெருவையே காலி செய்து, அறுபது குடும்பத்தையும் ஆற்று மணலில் கொட்டகை போட்டு உட்காரவைக்க உத்தரவு.

"அரிசியைச் சந்தேகப்படலையா அவரு?"

"நான் சொன்னேன். 'காலேஜ் வாத்தியார் பாத்துக் கையெழுத்துப் போட்டிருக்காரே, அப்புறம் அரிசி மேல இன்னா குத்தம்?'னு கேட்டாரு. உங்க சீட்டு அவர் பையிலதான் இருக்குது. எனக்கும் மனசு தெம்பாச்சு. படுத்திருக்கவங்களுக்கு அதே அரிசியில கஞ்சி வைக்கச் சொல்லிட்டு வந்தேன்."

தானியேல் ஓடுகிற வண்டியிலிருந்து குதித்துவிட்டார். நாற்பத்திரண்டு வயசு, கனத்த உடம்பு, கையில் ஜாடி. மாடு மிரண்டது. தெருமுனையில் பெரிய உலையில் அரிசி கொதித்துக்கொண்டிருந்தது, ஒருத்தி கிளறிக்கொண்டிருந்தாள்.

"எறக்கு! உலையை எறக்கு! யாரும் வாயில வெக்காதீங்க!"

கிளறியவள் பயந்து கரண்டியைப் போட்டாள். அவரே விறகை இழுத்து வெளியே தள்ளினார்.

சத்தம் கேட்டு, பக்கத்து வீட்டுக்குள் பாயில் சுருண்டு கிடந்த செல்லம்மாள் தலையைத் தூக்கினாள். தேவசகாயத்தோடு ஒரே குழியில் வேலை செய்தவளுடைய மகள். தானியேலைவிட மூன்று வயது பெரியவள். நாலு நாளாக வாந்தி எடுத்தும் வாய் ஓயவில்லை. "யாரு, தேவசகாயம் மவனா? வா ராசா. ஊர் சோத்துக்குக் கையெழுத்துப் போட்டுட்டு, இப்ப உலையை எறக்க வந்தியா?"

தானியேல் ஜாடியை மறுபடி கையில் எடுத்துக்கொண்டார். டாக்டரைத் தேடிப் போய் ஜாடியை நீட்டினார். டாக்டர் வெளியூர்க்காரர், மூக்கு நன்றாக வேலை செய்தது. தானியேல் சொன்னதை முழுதும் கேட்டுவிட்டு, தம் பையிலிருந்த சீட்டையும் ஜாடியையும் மாறி மாறிப் பார்த்தார். "உங்கள் கையெழுத்தை நீங்களே பொய்யென்று சொல்கிறீர்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். ஆமாம் என்றார் தானியேல்.

பிறகு கிடங்கு. அந்தத் தெருவில் மோந்து பார்த்துக் கண்டுபிடிக்க ஆள் இல்லை. தானியேல் விளக்கைப் பிடித்துக்கொண்டு மூட்டைகளைக் கண்ணால் பார்த்துக்கொண்டே போனார். மீதமிருந்த மூட்டைகளில் ஒன்றின் கோணி மட்டும் வேறு மாதிரி. தைத்த மடிப்பைப் பிரித்தார். உள்ளே செம்மண் போல ஒரு தூள் ஒட்டியிருந்தது.

"பாய், இந்தக் கோணி ஏது?"

மக்பூல் குனிந்து பார்த்தார். பார்த்தவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். ஆட்டுத்தோலில் மயிர் உதிரச் சுண்ணாம்போடு கலக்கிற மனோசிலை அது; சிவப்புப் பாஷாணம். மழையில் கோணிகள் கிழிந்தபோது காலிக் கோணி கம்மியாக இருந்தது. ஷாப்பு மூலையில் கிடந்த இரண்டை உதறி, தண்ணீரில் அலசி, அதில் அரிசியைக் கொட்டினார்கள். மூன்றாம் பொட்டலம் அதிலிருந்து எடுத்தது. தோல்ஷாப்பில் அந்தத் தூளைத் தினம் கையால் அள்ளுகிறவர்களுக்கு அது ஒரு மருந்துச் சரக்கு. அதைப் பார்த்துப் பயப்பட யாருக்கும் தோன்றவில்லை. ஒரு கோணி தீர்ந்திருந்தது. இரண்டாவதில் முக்கால் பங்கு மீதி இருந்தது. அதில்தான் கஞ்சி.

அன்று மாலையே தெருவைக் காலி செய்யும் உத்தரவை டாக்டர் நிறுத்தினார். வாந்திபேதி மருந்தை நிறுத்திவிட்டு வேறு சிகிச்சை தொடங்கினார். தானியேல் மூன்று நாள் அங்கேயே இருந்தார். முதல் நாள் பதினாறு பேர் எழுந்து உட்கார்ந்தார்கள். இரண்டாம் நாள் ஒன்பது. மூன்றாம் நாள் காலையில், மீதி ஆறு பேரில் கடைசியாகச் செல்லம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். வேறு அரிசியில் வைத்த கஞ்சியை ஒரு வாய் குடித்துவிட்டு, "உப்பு கம்மி" என்றாள். தானியேல் வெளியே போய் ஆவாரம்பட்டை மூட்டைகளுக்குப் பின்னால் நின்று அழுதார். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு தபாலாபீசுக்குப் போனார்.

'பூண்டு சரி. எல்லாரும் பிழைத்தார்கள்' என்று அமிர்தவள்ளிக்குத் தந்தி. "பூண்டு வியாபாரமா சார்?" என்று கேட்டார் தந்தி குமாஸ்தா. "ஆமாம், நல்ல லாபம்" என்றார் தானியேல். அன்றைக்கு அவரால் வேடிக்கையாகப் பேச முடிந்தது.

கிளம்பும்போது தெருக்காரர்கள் ஒரு மாலையோடு வந்தார்கள். அவர் கழுத்தை நீட்டவில்லை.

"எம் பெண்டாட்டி அன்னிக்கே சொன்னா, பூண்டு வாசனை அடிக்குதுன்னு. நான் கேக்கலை. கேட்டிருந்தா உங்கள்ல ஒருத்தருக்கும் ஒன்னும் ஆயிருக்காது" என்று எல்லார் முன்னாலும் சொன்னார்.

"எந்த ஆம்பளை கேட்டான், நீ கேக்கறதுக்கு?" என்றாள் செல்லம்மாள். தெருவே சிரித்தது. மாலையை வாங்கி அவள் ஜாடியின் கழுத்தில் போட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் தானியேல் கோட்டைக்கூடக் கழற்றாமல் சீட்டுக் கட்டை எடுத்துவைத்துக்கொண்டார். "வள்ளி, என் சீட்டுல ஒரு வரி கம்மி" என்றார்.

"வரி இன்னாங்க கம்மி? உங்களுக்கு ஒரு மூக்கு கம்மி. உடம்பு தொடைச்சிட்டு வாங்க, சோறு ஆறிப்போவுது."

அதற்குப் பிறகு அவர் எழுதிய ஒவ்வொரு சீட்டிலும் இரண்டு கட்டங்கள் இருந்தன. 'கண்ணுக்கு' என்பதில் அவர் ஒப்பம். 'மூக்குக்கு' என்பதில் அமிர்தவள்ளியின் ஒப்பம். அவள் எழுத்து பெரிது பெரிதாக, கட்டத்தைத் தாண்டி நிற்கும். மண்டிக்காரர்கள் முதலில் கேலி செய்தார்கள். ஒரு வருஷத்துக்குள், "அம்மா ஒப்பம் போட்டாச்சா?" என்று அதைத்தான் முதலில் கேட்டார்கள். மக்பூல் தம் கிடங்கின் காலிக் கோணிகளை எல்லாம் எரித்துவிட்டு, ஷாப்புக் கோணிகளுக்கு நீலச் சாயத்தில் ஒரு பட்டை அடிக்க ஏற்பாடு செய்தார்.

பூசணம் பற்றித் தமிழில் ஒரு நோட்டு எழுத ஆரம்பித்தது முப்பதாம் வருஷத்தில். புளி, வெல்லம், கருவாடு, கடலை, இட்லி மாவு, ஊறுகாய் என்று நம் வீடுகளில் பூக்கிற ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம்: எதில் வரும், எந்த மழையில் வரும், என்ன நிறம், வெட்டி எறிந்தால் போதுமா, முழுதும் எறிய வேண்டுமா. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் 'வாசனை' என்று ஒரு கட்டம். அதை அவர் தொடவே மாட்டார். அமிர்தவள்ளி மோந்து சொல்வாள். அவள் சொன்ன வார்த்தையிலேயே எழுதுவார். 'நனைந்த நாய்.' 'தேர்த்திருவிழா முடிந்த மறுநாள் தெரு.' 'ஆஸ்பத்திரி.' பதினேழாம் பக்கத்தில், 'பூண்டு தின்றவன் ஏப்பம். குடியாத்தம் அம்மாள் சொன்னது.' அந்த ஒரு கட்டம் மட்டும் வேறொரு மூக்குக்குச் சொந்தம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறு மாசி மாதத்தில், வகுப்பு முடிந்து வந்து நாற்காலியில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. வலி இல்லாத சாவு என்று டாக்டர் சொன்னார். ஆம்பூரிலிருந்து இரண்டு வண்டி நிறைய ஆட்கள் வந்தார்கள். செல்லம்மாள் வந்திருந்தாள். அவளோடு வந்தவர்களில், அந்தக் கார்த்திகைக்குப் பிறகு பிறந்த பிள்ளைகளும் இருந்தார்கள். மக்பூல் அகமது சவப்பெட்டியைப் பிடித்த கையைக் கல்லறை வரை விடாமல் நடந்தார்.

நோட்டு இப்போது அமிர்தவள்ளியின் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. ஐம்பத்தெட்டுப் பக்கம். ஐம்பத்தெட்டாவது பனைவெல்லத்தில் வரும் ஒரு வெள்ளைப் பூசணம். நிறம், பருவம், எறிய வேண்டியதன் அளவு எல்லாம் எழுதி முடித்திருக்கிறார். அவர் இறந்த அந்த வாரம் அமிர்தவள்ளிக்குச் சளி. 'வாசனை' கட்டத்தில் எதுவும் எழுதவில்லை.